வெள்ளை நூல் மஞ்சளான வாரம்

நடந்தவை, வரிசைப்படி:

1. வைகாசி மாதம், ஒரு திங்கட்கிழமை. இடது கன்னத்தில் புற்று வந்த ஒரு பெண்ணுக்கு அறுவை நடந்தது. கன்னத்துக் கட்டியோடு கழுத்திலிருந்து மூன்று நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். சளி பிடித்தால் குழந்தைகளுக்குக் கழுத்தில் நெறி கட்டும் அல்லவா, அந்த நெறிகள்தாம் இவை.

2. எந்தக் கணு எங்கிருந்து வந்தது என்பது தெரிய, அறுவை மருத்துவர் ஒவ்வொன்றிலும் ஒரு பட்டு நூலைக் கட்டி அனுப்பினார். தாடைக்குக் கீழே இருந்ததற்குச் சிவப்பு. நடுக்கழுத்தில் இருந்ததற்கு வெள்ளை. காறை எலும்புக்குச் சற்று மேலே இருந்ததற்கு மஞ்சள்.

3. அந்த நூல்கள் எங்கள் வீட்டிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்தவை.

4. கணுக்களைப் போட வேண்டிய ஜாடியில் வழக்கமான ஃபார்மலினுக்குப் பதிலாக, பிக்ரிக் அமிலம் கலந்த மஞ்சள் திரவத்தை ஊற்றி வைத்திருந்தேன்.

5. புதன்கிழமை ஜாடியைத் திறந்தேன். ஒரு சிவப்பு நூலும் இரண்டு மஞ்சள் நூல்களும் இருந்தன.

6. மூன்று கணுக்களையும் பாதி பாதியாக வெட்டினேன். ஒரு பாதியை மெழுகில் புதைத்தேன். நூல் கட்டிய மறுபாதியை 1, 2, 3 என்று எண் எழுதிய புட்டிகளில் போட்டு வைத்தேன். 1 சிவப்பு. 2, 3 இரண்டும் மஞ்சள்.

7. சனிக்கிழமை நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் தகடுகள் தயாராயின. முதல் கணு சுத்தம். மூன்றாவது சுத்தம். இரண்டாவதில் புற்றுச் செல்கள் இருந்தன.

8. அந்த இரண்டாவது நடுக்கழுத்தா, காறை எலும்பா என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. விலங்கியலில் பட்டமும் ஓராண்டு ஆய்வகப் பயிற்சியும் முடித்து, ஊருக்கு வெளியே இருந்த மருத்துவமனையில் திசு வெட்டும் வேலையில் சேர்ந்திருந்தேன். மெழுகில் புதைத்த திசுவை வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றிக் கொடுக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அப்பா, "அவளும் சாயப்பட்டறைலதான் கீறா" என்று சொல்லி முடித்துக்கொள்வார்.

எங்கள் ஆய்வகத்துக்குப் பின்னால், முன்பு மருந்துக் கிடங்காக இருந்த அறையில் ஓர் உயிரியல் ஆய்வாளர் வேலை செய்தார். முப்பத்தாறு வயது இருக்கும். சென்னைக்காரர். மருத்துவம் படித்தவர் அல்ல. விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆனாலும் வார்டு முழுக்க அவரை டாக்டரம்மா என்றுதான் அழைத்தார்கள். "நான் ஊசி போடற டாக்டர் இல்லம்மா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சலித்து, பிறகு விட்டுவிட்டார்.

அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று. கன்னத்தில் பிறந்த புற்றுச் செல் கன்னத்தை விட்டு எந்த வழியாக, எந்த வரிசையில் போகிறது? அது நிணநீர்க் குழாயில் இறங்கி, முதல் கணுவில் தங்கி, அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும் என்று அவர் படித்த புத்தகங்களில் இருந்தது. அவருக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

"செங்கல்பட்டு போற பஸ் எல்லாமே வாலாஜாபாத்துல நின்னுதான் போகுதா? நிக்காம போறதும் ஒண்ணு ரெண்டு இருக்கே" என்பார்.

இதைப் பார்ப்பதற்கு ஒரு தடை இருந்தது. ஒரு கழுத்திலிருந்து எடுத்த கணுக்கள் எல்லாம் ஒரே ஜாடியில், சந்தையில் கொட்டிய கத்தரிக்காய் போலக் கலந்து வந்தன. மேலே இருந்தது எது, கீழே இருந்தது எது என்று எடுத்தவருக்கே அரை மணி நேரத்தில் மறந்துவிடும். வண்ண நூல் கட்டி அனுப்பச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். அறுவைக்கூடத்தில் கறுப்பு நூல் மட்டும்தான் இருந்தது. "உங்க ஊர்ல பட்டு நூலுக்கா பஞ்சம்?" என்று அவர் என்னைப் பார்த்தார். மறுநாளே கொண்டுவந்தேன். கொண்டுவந்ததைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்:

சிவப்பு: ஊடை நூல், தாரில் மிஞ்சியது.
வெள்ளை: பாவு நூல், இன்னும் சாயத்துக்குப் போகாதது.
மஞ்சள்: ஊடை நூல், தாரில் மிஞ்சியது.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது பாவு. குறுக்கே, தார் என்னும் சிறு குழலில் சுற்றி, நாடா என்னும் ஓடத்தில் ஓடுவது ஊடை. எந்த நூலை எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதுவது என் பழக்கம், அவ்வளவுதான். அப்போது அதற்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

மஞ்சள் திரவத்தில் போட்டால் செல்லின் கரு இன்னும் துலக்கமாகத் தெரியும் என்பது டாக்டரம்மாவின் யோசனை. கலக்கியதும் ஊற்றியதும் நான். எங்கள் தெருவில் வெள்ளைப் பட்டு தறியில் இருக்கும் வீட்டில், மஞ்சள் பூசிக் குளித்த பெண்கள் அன்று பாவின் பக்கமே போகமாட்டார்கள். விரல் பட்டால் போதும், நூல் குடித்துவிடும். எனக்கு ஆறு வயதில் இதற்காக அம்மாவிடம் அடி விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள், வெள்ளைப் பட்டு நூல் கட்டிய சதையை எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்த திரவத்தில் இரண்டு நாள் ஊறவிட்டேன். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் பட்டு எனக்குப் பட்டாகத் தெரியாமல், வெறும் அடையாளமாகத் தெரிந்திருக்கிறது.

"தப்பு என்னுது. திரவத்தை மாத்தச் சொன்னது நான்" என்றார் டாக்டரம்மா.

"இல்ல மேடம். பட்டு என்ன பண்ணும்னு எனக்குத்தான் தெரியும்."

"சரி, பங்கு போட்டுக்கலாம். அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நாற்பத்திரண்டு வயது. கணவர் இல்லை. சொந்தத் தறியில், புகையிலையை இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டு காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிடுவார். ஒரே மகளை ஓரிக்கையில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு மகளை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பதற்காகவே அறுவையைச் சீக்கிரம் வைக்கச் சொல்லி மருத்துவரை நச்சரித்தவர்.

அறுவை மருத்துவர் எங்களிடம் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். செல்கள் நடுக்கழுத்துக் கணுவோடு நின்றிருந்தால், அந்தக் கணுவும் எடுத்தாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பி மாதம் ஒருமுறை பார்க்கலாம். காறை எலும்பு வரை இறங்கியிருந்தால், வேறு எங்கெல்லாம் தங்கியிருக்கும் என்று தெரியாது; சென்னையில் தங்கி ஆறு வாரம் கதிர் வைத்தே ஆக வேண்டும். தெரியவில்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், இறங்கியதாகவே வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார். அவருக்கு வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும். வெள்ளிக்கிழமை பெருமாள் கோயில் கருட சேவை, ஊர் முழுக்கக் கூட்டம். அன்று மருத்துவமனைக்கு ஆள் வந்து சேர்வதே கஷ்டம்.

கதிர் வைத்தால் எச்சில் சுரப்பிகள் காய்ந்துவிடும். பிறகு சோறு தொண்டையில் இறங்க ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டும். தேவையில்லாதவருக்கு அதை வைப்பதும் கொடுமை, தேவையுள்ளவருக்கு வைக்காமல் விடுவது அதைவிடக் கொடுமை.

அடுத்த திங்கட்கிழமை புட்டிகளிலிருந்து நூல்களை வெட்டி எடுத்தோம். மஞ்சளை இறக்க, சாராயமும் லித்தியம் உப்பும் சேர்த்துக் கழுவினோம். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய நூல் பாதிதான் வெளுத்தது. உண்மையான மஞ்சள் நூலும் அதே கரைசலில் தன் சாயத்தைக் கொஞ்சம் விட்டது. கடைசியில் இரண்டும் பழைய கடுதாசியின் நிறத்துக்கு வந்து நின்றன. முன்பைவிட இது இன்னும் மோசம்.

அன்று மாலை வீட்டுக்கு நடந்துபோகும்போதுதான் குறிப்பேட்டில் எழுதியது நினைவுக்கு வந்தது. வெள்ளை பாவு, மஞ்சள் ஊடை. பாவு நூலுக்கு முறுக்கு அதிகம். தறியின் இழுப்பைத் தாங்க வேண்டும். ஊடைக்கு முறுக்கு குறைவு. நிறம் போனாலும் முறுக்கு எங்கே போகும்? பாதி வழியில் திரும்பி மருத்துவமனைக்கே நடந்தேன்.

டாக்டரம்மா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். மறுபடி திறந்தார். ஜன்னல் வெளிச்சம் போவதற்குள் இரண்டு நூல்களையும் நுண்ணோக்கியில் பார்த்தேன். அறுவைக்கூடத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டதில் இரண்டும் நசுங்கி, நீரில் உப்பி, பிரிந்திருந்தன. இரண்டாம் எண் நூலில் முறுக்கு இருப்பதுபோலத் தெரிந்தது.

"ரெண்டுதான் பாவு மேடம். நடுக்கழுத்துதான்."

"நிச்சயமா?"

"அப்படித்தான் தெரியுது."

"அந்த அம்மா நடுக்கழுத்தோட தப்பிக்கணும்னு உனக்கு ஆசை இருக்கா இல்லையா?"

நான் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"எனக்கு இன்னொரு ஆசை இருக்கு" என்றார். "நடுவுல நிக்காம கீழ போயிருந்தா, நாலு வருஷமா நான் தேடறது அதுதான். நாம ரெண்டு பேருமே இந்த நூலைப் பார்க்க லாயக்கில்ல. நூல் தெரிஞ்சவங்களா, எந்த எண் நல்லதுன்னு தெரியாதவங்களா ஒருத்தர் பார்க்கணும்."

எங்கள் ஊரில் நூல் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அப்பாவைக் கூப்பிடலாம் என்றேன். அக்காவின் வைத்தியம் பற்றித் தெருவுக்கே தெரியும், அதில் அப்பாவுக்கும் ஓர் ஆசை இருக்கும், என் முகத்தைப் பார்த்தே எதையாவது சொல்லிவிடுவார் என்று நானே பிறகு மறுத்தேன். "அந்த அம்மாவே பார்த்தா?" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய கழுத்திலிருந்து எடுத்தது என்று சொல்லாமல் அவரிடமே காட்டுவது ஏமாற்று என்று தோன்றியது. பார்த்து முடித்த அந்த நிமிடமே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன்.

புதன்கிழமை காலை அக்காவின் மூக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். அரிசிக் கஞ்சியைக் கரண்டியால் வாயின் வலது ஓரத்தில் விட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா இரண்டு நூல்களையும் மும்மூன்று துண்டாக வெட்டி, ஆறு சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் போட்டு, அடியில் தனக்கு மட்டும் தெரியும்படி குறி வைத்து, வரிசையைக் கலைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார். எனவே எனக்கும் எது எதுவென்று தெரியாது. அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். தன் முகத்தை அக்கா பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னாமா இது, ஆறு கிண்ணம்? பல்லாங்குழி ஆடப் போறமா?" வாய் ஒரு பக்கம்தான் திறந்தது. ஆனாலும் புரிந்தது.

"நூல்கா. எது பாவு, எது ஊடைன்னு சொல்லணும்."

"இதுக்குப் பெரிய படிப்பு படிச்சவங்க ரெண்டு பேரா? உங்கப்பன் வீட்ல தறி இல்ல?"

"இருக்குதுக்கா. நீங்க சொல்லுங்க."

முதல் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "கண்றாவியா கீது. எந்தப் பட்டறைல தோச்சது? அவன் கைய ஒடிக்கணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நுனியை நாக்கில் நனைக்கப் போனார். "அக்கா, வேணாம்!" என்று கையைப் பிடித்தேன். "மருந்துல ஊறினது."

"பயந்துட்டேன்மா. சின்னப் புள்ள மாதிரி கத்தறியே." ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். பிறகு நகத்தால் நுனியைத் தட்டினார். அது பஞ்சு போல விரிந்தது.

"ஊடை."

அடுத்தது. உருட்டினார், தளரவிட்டார். அந்த ஓர் அங்குல நூல் தானாகச் சுருண்டது. "இது பாவு. பாரு, சும்மா வுட்டா பாம்பு மாதிரி சுத்திக்குது."

ஆறையும் பார்த்தார். ஊடை, பாவு, பாவு, ஊடை, பாவு, ஊடை. ஒன்றில்கூடத் தயங்கவில்லை. நான் எழுதிக்கொண்டேன். டாக்டரம்மா வந்து கிண்ணங்களைக் கவிழ்த்து அடியில் இருந்த குறிகளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. தன் சிறு தாளை என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பாவு மூன்றும் மூன்றாம் எண். ஊடை மூன்றும் இரண்டாம் எண்.

செல்கள் இருந்த கணுவில் கட்டியது ஊடை. மஞ்சள். காறை எலும்பு. சுத்தமாக இருந்த மூன்றாவதுதான் நடுக்கழுத்து. நடுவில் நிற்காமல் போயிருக்கிறது.

டாக்டரம்மா நாலு வருடம் தேடியது கையில் இருந்தது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அக்காவின் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மூன்று கணு, மூன்று நூல், மஞ்சள் திரவம், எங்கள் தவறு, இப்போது அவர் விரல் சொன்ன விடை. எதையும் குறைக்கவில்லை.

அக்கா நூல் கிடந்த கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் கழுத்துல இருந்ததா?"

"ஆமாம்மா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

"சொல்லியிருந்தா, எது நல்லதுன்னு கேட்டுக்கினு அதையே சொல்லியிருப்பேன்." பிறகு என்னைப் பார்த்தார். "சாயம் தோச்சது நீதானா?"

"நான்தான்கா."

"அப்பவே நெனச்சேன். தலையே தூக்கல நீ."

அழுதது நான். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கரண்டு வெச்சா போயிடுமா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். கதிர் வைப்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"போகலாம். உறுதியா சொல்ல எனக்குத் தெரியாது. வைக்காம விட்டா போகாதுன்னு தெரியும்."

"எத்தினி நாளு?"

"ஆறு வாரம்."

விரல்விட்டு எண்ணினார். ஆனி முழுக்கப் போய், ஆடியிலும் கொஞ்சம் போகும். எண்ணி முடித்த விரலை மடக்கியபடியே வைத்திருந்தார். "எம் பொண்ணு அதுக்குள்ள பெத்துருவா." மடக்கிய விரலைப் பிரித்தார். "பட்டணத்துக்கு இன்னா இன்னா எடுத்துக்கினு போவணும்? உனக்குத்தான் எழுதற வியாதி இருக்குதே, எழுது."

எழுதினேன். பித்தளைச் சொம்பு. பழைய புடவை நாலு. போர்வை. கஞ்சிக்கு நொய். நல்லெண்ணெய், ஆனால் கழுத்தில் தடவக் கூடாது. மகளிடம் சொல்ல வேண்டியவை என்று தனியாக ஒரு பக்கம். அது முதல் பட்டியலைவிட நீளம். அதில் கடைசி வரி: "ராத்திரில பயமா இருந்தா மாமியாரை எழுப்பு, வெக்கப்படாத."

குழந்தை ஆனி மாதக் கடைசியில் ஓரிக்கையில் பிறந்தது. பெண். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேருந்தில் சென்னைக்குப் போனேன். அக்காவின் கழுத்துத் தோல் கறுத்திருந்தது, குரல் கரகரத்தது. எடை, நீளம், தலைச் சுற்றளவு, பிறந்த நேரம், எத்தனை முறை பால் குடித்தது என்றெல்லாம் அளந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். படித்துக் காட்டினேன்.

"இது இன்னா, குழந்தையா, ரிப்போர்ட்டா? மூக்கு யாராட்டம்னு எழுதல?"

நான் மூக்கைப் பார்க்கவே இல்லை. பெரிய மூக்குதான், உங்களுடையது போல என்றேன். அக்கா சிரித்து, சிரித்ததில் உதடு வெடித்து, சொம்பைக் காட்டினார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். மூக்கு யாருடையது என்று அடுத்த நாளே ஓரிக்கைக்குப் போய்ப் பார்த்தேன். மருமகனுடையது.

இதை எழுதும்போது அக்காவுக்குக் கதிர் முடிந்து ஓராண்டு ஆகிறது. கழுத்தில் புதிதாகக் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை; நெஞ்சுப் படம் இதுவரை சுத்தம். எச்சில் திரும்பவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் தறியில் உட்காருகிறார், புகையிலை இல்லாமல். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நாங்கள் ஃபார்மலினுக்கே திரும்பிவிட்டோம். நிறத்தை விட்டுவிட்டு, ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு என்று கறுப்பு நூலில் கட்டச் சொல்கிறோம். நடுக்கணுவைத் தாண்டிப் போனதாக எங்களிடம் இருப்பது இந்த ஒரு கழுத்துதான். ஒன்றை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா இன்னும் கட்டுரை எழுதவில்லை. அக்கா அடுத்து பரிசோதனைக்கு வர வேண்டியது ஐப்பசியில்.